பாம்புக்கும் மூச்சு வாங்கும்: பால் பைத்தான் வளர்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மே மாதத்து இரவு. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு எங்கேயோ "டிக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "டிக்". பல்லி சொல்கிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். மூன்றாவது இரவும் அதே சத்தம் கேட்டபோதுதான் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் பல்லி இல்லை. சத்தம் முத்துவின் பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

முத்து என்னுடைய பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஒரு மலைப்பாம்பு வகை). அப்போது இரண்டு வயது, எடை 900 கிராம். வழக்கமாகத் தலையை உடம்புச் சுருளுக்குள் வைத்துக்கொண்டு தூங்குபவள், அன்று தலையைப் பெட்டியின் ஓரத்தில் சாய்த்து மேலே தூக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு முறை மூச்சு வெளியே போகும்போதும் அந்த "டிக்".

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "பாம்புக்குச் சளி பிடிக்குமாடா?" என்று சிரித்தாள். பிடிக்கும். ஆனால் நமக்கு வருகிற சளி மாதிரி தானாக வந்து தானாகப் போகிற சமாச்சாரம் இல்லை அது. வளர்ப்பவர்கள் அதை ஆர்.ஐ. என்று இரண்டு எழுத்தில் சொல்வார்கள், மூச்சுப்பாதைத் தொற்று. கவனிக்காமல் விட்டால் நிமோனியாவாகிச் செத்துப்போகும். முத்து பிழைத்துக்கொண்டாள். அவளை வைத்து நான் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு தேடித்தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்கு முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சாரை, நாகம், மலைப்பாம்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு. இந்தியாவில் அதை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கையில் காகிதம் இருந்தால்தான் உடம்பு சரியில்லாத நாளில் தயங்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட முடியும். பதிவு செய்யாதவர்கள் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் பாம்பை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாம்பு ஏன் இருமுவதில்லை

நமக்கு நெஞ்சில் சளி கட்டினால் இருமுகிறோம். உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து காற்றை வேகமாக வெளியே தள்ள, சளியும் கூடவே வந்துவிடுகிறது. பாம்புக்கு உதரவிதானமே கிடையாது. விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தசைகளை வைத்துத்தான் உடம்பை விரித்துச் சுருக்கி மூச்சு விடுகிறது. ஓங்கி இருமித் துப்ப அதற்கு வராது.

நுரையீரலும் நம்முடையதைப் போல் இல்லை, நீளமான பை. பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் மட்டும்தான் வேலை செய்யும். மலைப்பாம்பு, போவா வகைகளுக்கு இரண்டும் உண்டு, இடது சிறியது. இந்தப் பையின் முன்பகுதியில் ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும், ஆக்சிஜன் அங்கேதான் ரத்தத்தில் கலக்கிறது. பின்பகுதி வெறும் காற்றுப் பை. அங்கே போய்த் தங்கும் சளி மேலே ஏறி வருவது கஷ்டம். இதற்கு மேல் பாம்பின் சீழ் நீர்த்து ஓடுகிற சாதியும் இல்லை. பாலில் செய்கிற பனீர்க் கட்டி மாதிரி கட்டிக்கொள்ளும்.

ஆக, பாம்பின் நெஞ்சுக்குள் தொற்று இறங்கினால் அதை வெளியேற்ற அதனிடம் வழி குறைவு. நம் காதுக்கு எட்டும் அளவுக்குச் சத்தம் வரும்போது நோய் பாதி தூரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சொல்கிறேன்: பாம்பைப் பார்ப்பதைவிட அதன் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பது முக்கியம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். பாம்பு எலியை விழுங்கும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வாய் முழுக்க எலி அடைத்துக்கொண்டிருக்கும். கீழ்த்தாடையின் ஓரமாக ஒரு சின்னக் குழாய் வெளியே எட்டிப் பார்த்து, திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்குத் தொண்டைக்குள்ளே இருப்பது அதற்கு வாயின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. வாய் அடைத்திருக்கும்போதும் மூச்சு விட அது வசதி. ஆனால் வாய்க்குள் நாம் எதையாவது ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகவும் அதுவே வழி.

படி 1: நல்ல மூச்சைக் கேட்டுப் பழகுங்கள்

பாம்பு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள், இரவு, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் பெட்டியருகே காதை வைத்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஆரோக்கியமான பாம்பின் மூச்சு கேட்காது. உடம்பின் முன்பகுதி மெதுவாக விரியும், தாழும், அப்புறம் நீண்ட இடைவெளி. சில சமயம் மூச்சையே நிறுத்திவிட்டதோ என்று நமக்குப் பதற்றமாக இருக்கும். ஓய்வில் இருக்கும் பாம்புக்கு அது இயல்பு.

அதை ஃபோனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூடவே மாதம் ஒரு முறை எடை. சமையலறைத் தராசு போதும்; ஒரு டப்பாவுக்குள் பாம்பை விட்டு நிறுத்து, டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நோட்டில் தேதி, எடை, தின்றதா, சட்டை உரித்ததா, பெட்டியின் சூடு. அவ்வளவுதான். டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

படி 2: அறிகுறிகளை வரிசையாகப் பாருங்கள்

முதல் கட்டம் யார் கண்ணுக்கும் எளிதில் படாது. பெட்டியில் நாம் சூடு வைத்திருக்கும் பக்கத்தை விட்டுப் பாம்பு நகரவே நகராது. மூக்குத் துளையைச் சுற்றி லேசான ஈரம் இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலும், கண்ணாடியில் மூக்கை உரசுகிற இடத்திலும் எச்சில் காய்ந்த மாதிரி கறை இருக்கும். முத்துவின் பெட்டியில் இந்தக் கறை பத்து நாளாக இருந்திருக்கிறது. தண்ணீர் தெறித்த கறை என்று நான்தான் துணியால் துடைத்துத் துடைத்து விட்டிருக்கிறேன். பசியின்மையும் ஒரு அறிகுறிதான். ஆனால் பால் பைத்தான் வேறு ஆயிரம் காரணத்துக்கும் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அடுத்த கட்டத்தில் சத்தம். மூச்சில் விசில், "டிக்" என்கிற சொடுக்கு, தண்ணீர்க் குழாயில் காற்று போவது மாதிரி களகளப்பு. மூக்கிலோ வாயோரத்திலோ குமிழி. வாயைத் திறந்தால் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி நூல் இழுக்கும். தொண்டைப் பகுதி பொம்மென்று உப்பித் தாழும்.

கடைசிக் கட்டம் வாயைத் திறந்து வைத்து மூச்சு விடுவது. தலையை மேலே தூக்கியே வைத்திருக்கும், கீழே வைத்தால் சளி மூச்சை அடைக்கிறது. வாய்க்குள் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய தசை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். கையில் எடுத்தால் துவண்டு தொங்கும். இந்தக் கட்டத்தில் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. அன்றே, அப்போதே டாக்டர்.

தலையைத் தூக்குவதில் ஒரு குழப்பம் உண்டு. ஸ்பைடர் என்ற நிற வகைப் பால் பைத்தான்களுக்குப் பிறவியிலேயே தலை ஆட்டமும் முறுக்கலும் இருக்கும். அது நரம்புக் கோளாறு. மூச்சுக்குத் தூக்கும் பாம்பு தலையை ஆட்டாது, முறுக்காது. எதிலாவது சாய்த்து அசையாமல் வைத்திருக்கும்.

பயப்பட வேண்டாதவை

பாதிப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் வாயை அகலத் திறந்து இரண்டு மூன்று கொட்டாவி விடுவது தாடையைச் சரிசெய்துகொள்ளத்தான். பெட்டியைத் திறந்ததும் "உஸ்" என்றால் அது கோபம். தண்ணீர் குடித்த கையோடு மூக்கில் ஒரு குமிழி வந்து உடைந்தால் அது வெறும் தண்ணீர்.

அதிகம் ஏமாற்றுவது சட்டை உரிக்கும் நேரம். கண் பால் படர்ந்த மாதிரி மங்கும், பழைய தோல் மூக்குத் துளையில் தளர்ந்து நிற்கும், மூச்சு விடும்போது விசில் அடிக்கும். சட்டை கழன்ற பிறகு அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தலைப்பகுதியைப் பாருங்கள். மூக்குப் பகுதி முழுசாக வந்திருக்க வேண்டும். வராமல் துளையில் சுருண்டு நின்றால் விசில் தொடரும். ஈரத்தைக் கூட்டினால் அது விழுந்துவிடும். சட்டை கழன்று இரண்டு மூன்று நாள் ஆகியும் விசில் நிற்கவில்லை, மூக்கிலும் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்றால் அதை நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சந்தேகம் வந்த முதல் நாள்

பாம்பைத் தொடுவதற்கு முன்னால் பெட்டியை அளந்துவிடுங்கள். சூடான பக்கத்துத் தரை, குளிர்ந்த பக்கத்துத் தரை, அப்புறம் பாம்பின் தலை உயரத்தில் காற்று, ஈரப்பதம். நான்கு எண்களையும் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அளந்தால் காரணம் கடைசிவரை தெரியாது.

அடுத்து, சத்தம் கேட்கும்போதே வீடியோ. டாக்டர் முன்னால் போனதும் சொல்லி வைத்தாற்போல் சத்தம் நின்றுவிடும்.

பிறகு சூட்டைக் கூட்டுங்கள். பாம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி அதன் உடல் சூட்டைப் பொறுத்தது. குளிரில் அது சுருண்டு படுத்துவிடும். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கமும் 27-28-க்குக் குறையாமல், இரவும் பகலும் அப்படியே. வேகமாகக் குணமாகட்டும் என்று 36, 37-க்கு ஏற்றாதீர்கள், நீர் வற்றிப்போகும். ஈரப்பதத்தை ஒரேயடியாகக் குறைத்துப் பெட்டியைக் காயப்போடுவதும் தப்பு. வறண்ட காற்றில் சளி இன்னும் இறுகும். 55, 60 சதவீதம் இருக்கட்டும்.

இரை போடாதீர்கள். நெஞ்சு அடைத்திருக்கும் பாம்பு எலியைக் கக்கினால், கக்கியது நுரையீரலுக்குள் போகலாம். கையில் எடுத்துக் கொஞ்சுவதும் வேண்டாம். வேறு பாம்புகள் இருந்தால் இதைத் தனி அறைக்கு மாற்றி, மற்றவற்றைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாக இதைத் தொடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுவது உங்களுக்கும் நல்லது. பாம்புகளின் உடம்பில் சால்மொனெல்லா சர்வ சாதாரணம்.

கைவைத்தியத்தில் நம்மவர்கள் சூரர்கள். விக்ஸ் ஆவி, கற்பூரம், துளசிக் கஷாயத்தை சிரிஞ்சில் வாய்க்குள் விடுவது, இப்படி எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன். மூச்சுக்குழலின் வாய் எங்கே இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? சிரிஞ்சில் விடும் தண்ணீர்கூட நுரையீரலில் இறங்கலாம். மெடிக்கல் ஷாப்பில் நமக்குத் தரும் ஆன்டிபயாடிக்கை உடைத்துக் கொடுப்பது இன்னும் மோசம். அளவும் தெரியாது, கிருமிக்குப் பொருந்துமா என்றும் தெரியாது. பின்னால் சரியான மருந்து கொடுக்கும்போது அதுவும் வேலை செய்யாமல் போகலாம்.

லேசான விசில் மட்டும்தான், குமிழி இல்லை, பெட்டியின் சூடு குறைந்திருப்பதும் தெரிந்துவிட்டது என்றால் சரிசெய்துவிட்டு இரண்டு நாள் பார்க்கலாம். அந்த இரண்டு நாளில் டாக்டரைத் தேடி வைத்துவிடுங்கள். சொடுக்கு, குமிழி, சளி, திறந்த வாய் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

படி 4: டாக்டரிடம்

கால்நடை மருத்துவர் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. நான் முதலில் போன கிளினிக்கில், நாய்க்குக் கொடுக்கும் மாத்திரையில் கால் பங்கு கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன், கொடுக்கவில்லை. ஃபோனில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: பாம்பு பார்ப்பீர்களா, எக்ஸ்ரே எடுக்க முடியுமா, சளி எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புவீர்களா? சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

கொண்டுபோவதற்குத் தலையணை உறையை விஞ்சியது எதுவும் இல்லை. பருத்தி உறை, தையல் உறுதியாக இருக்க வேண்டும். பாம்பை உள்ளே விட்டு வாயை முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, ஓரத்தில் துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டில். காரில் ஏசி வேண்டாம். நோட்டையும் வீடியோவையும் மறக்காதீர்கள்.

நல்ல டாக்டர் உடனே ஊசியை எடுக்க மாட்டார். வாயைத் திறந்து பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். முடிந்தால் மெல்லிய குழாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் கொஞ்சம் உப்புநீரை விட்டு உறிஞ்சி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். பாம்புகளுக்கு வரும் தொற்றில் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்கள் அடிக்கடி கிடைக்கும். சில நேரம் பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா, வைரஸ். காட்டில் பிடித்த பாம்பென்றால் நுரையீரல் புழுவும் இருக்கலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து இருட்டில் கல்லெறிகிற கதைதான்.

மருந்து பெரும்பாலும் ஊசி. செஃப்டாசிடைம் என்ற மருந்தைப் பாம்புகளுக்கு அதிகம் பயன்படுத்துகிறார்கள். அது பாம்பின் உடம்பில் மெதுவாகக் கரைவதால் மூன்று நாளுக்கு ஒரு ஊசி போதும். என்ரோஃப்ளாக்சசின் ஊசி போட்ட இடம் சில சமயம் புண்ணாகும், தோல் நிறம் மாறும், அதற்குத் தயாராக இருங்கள். ஊசியை உடம்பின் முன்பாதியில் போடுவது வழக்கம். பின்பாதி ரத்தம் நேராகச் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. சிலருக்கு நெபுலைசரும் வைக்கச் சொல்வார்கள்.

முத்துவுக்குப் பத்து ஊசி, முப்பது நாள். ஆறாவது ஊசியிலேயே சத்தம் நின்றுவிட்டது. அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். சத்தம் நின்றதும் மருந்தை நிறுத்தினால் பின்பகுதிப் பையில் ஒளிந்திருக்கும் கிருமி மறுபடி கிளம்பும். டாக்டர் சொன்ன நாள்வரை போட்டே ஆகவேண்டும். அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தது ஏழாவது வாரம். வழக்கத்தில் பாதி அளவு எலி ஒன்று. எடை 900-இலிருந்து 820-க்கு இறங்கியிருந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் இரை மறுப்பதைச் சாதாரணமாக விடாதீர்கள்.

படி 5: வராமல் பார்ப்பது

என் வீட்டில் நடந்த தப்பு எது தெரியுமா? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருந்தது, தரையைச் சூடாக்கும் ஹீட் மேட் இருந்தது, தரை 32 டிகிரி காட்டியது. எல்லாம் சரி என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காத்து எவ்வளவு சூடு?" அதை நான் அளந்ததே இல்லை. வீட்டுக்கு வந்து பாம்பின் தலை உயரத்தில் தெர்மாமீட்டரின் புரோபை (அளக்கும் முனையை) தொங்கவிட்டால் 23. அறையில் ஏசி 22-இல் ஓடியது. ஹீட் மேட் தரையைச் சுட வைக்கும், காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. முத்துவின் வயிறு சூட்டில் இருந்தது, நெஞ்சுக்குள் போன காற்று குளிராக இருந்தது. இரண்டு மாதம் இப்படியே.

ஆகவே காற்றை அளந்து பாருங்கள். தரைக்கு ஒரு புரோப், காற்றுக்கு ஒரு புரோப், இரண்டும் டிஜிட்டல். கண்ணாடியில் ஒட்டும் முள் மீட்டரை நம்பாதீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட நெற்றித் துப்பாக்கியும் இதற்கு ஆகாது, மனித உடம்புச் சூட்டை அளக்கத்தான் அது செய்யப்பட்டது. சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் 24-க்குக் கீழே வேண்டாம். ஏசி அறைதான் இருக்கிறது என்றால் மேலிருந்து சூடு தரும் செராமிக் ஹீட்டரை வலைக்கூண்டு போட்டு, தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். நான் சுலபமான வழியை எடுத்தேன். பெட்டியை ஏசி இல்லாத ஹாலுக்கு மாற்றிவிட்டேன்.

ஈரப்பதம் அடுத்தது. பால் பைத்தான் அதன் ஊரில் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் பாம்பு. வளைக்குள் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். அதனால் 55 முதல் 70 சதவீதம்வரை தாராளமாக இருக்கலாம், சட்டை உரிக்கும்போது இன்னும் கொஞ்சம் கூட. ஈரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், குளிரும் ஈரமும் ஒன்று சேர்ந்தால்தான் ஆபத்து. மேலே சொட்டச் சொட்டத் தெளிக்காமல், பொள்ளாச்சிப் பக்கத்து கோகோ பீட்டை (தேங்காய் நார்த் தூளை) மூன்று விரல் கனத்துக்குப் போட்டு ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் இருக்கும். தூள் பறக்கிற கோகோ பீட்டைச் சலித்துவிட்டுப் போடுங்கள்.

ஈரப்பத மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் வைத்து மூடி, எட்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 62 காட்டியது.

இந்த எண்கள் பால் பைத்தானுக்கு மட்டும். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடும் ஈரமும் இதைவிடக் குறைவு. சாண்ட் போவா வறண்ட நிலத்துப் பாம்பு, அதற்கு இந்த ஈரத்தைக் கொடுத்தால் நீங்களே நோயை வரவழைக்கிறீர்கள்.

பிறகு காற்றோட்டம். பிளாஸ்டிக் பெட்டியில் வளர்ப்பவர்கள் சால்டரிங் அயர்னால் ஓட்டை போடும்போது ஒரு பக்கம் கீழே, எதிர்ப்பக்கம் மேலே என்று போட்டால் காற்று தானாக நகரும். பெட்டியைத் திறந்து மூக்கை உள்ளே நுழைத்துப் பாருங்கள். மூத்திர நெடி உங்களுக்கு ஒரு நொடி அடித்தால், பாம்பு நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. அந்த அம்மோனியா மூச்சுப்பாதையின் உள்தோலை அரிக்கும். எச்சத்தையும் வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி வருவதையும் பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள். துடைக்கப் பினாயில் வேண்டாம். நீர்த்த குளோர்ஹெக்சிடின், அல்லது நீர்த்த பிளீச்சால் துடைத்து நன்றாக அலசி உலர்த்தினால் போதும். தச்சுப் பட்டறையிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற மரச்சுருளையும் போடாதீர்கள். எந்த மரம் என்று யாருக்கும் தெரியாது. தேவதாரு, பைன் போன்ற வாசனை மரமாக இருந்தால் அதன் எண்ணெய் நெஞ்சை எரிக்கும்.

வீட்டுப் புகை நம் ஊருக்கே உரிய தொல்லை. கொசுவர்த்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, தாளிக்கும் மிளகாய் நெடி. பாம்பு இருக்கிற அறையில் இவை எதுவும் கூடாது. அம்மாவோடு இதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு: சாம்பிராணி பூஜை அறையோடு நின்றுவிடும், ஹாலுக்கு வராது.

செதில் இடுக்கிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பாக ஊரும் மைட் எனப்படும் குட்டி உண்ணி ரத்தத்தை உறிஞ்சிப் பாம்பைத் தளர்த்தும், கிருமியையும் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும். பாம்பு நாள் கணக்கில் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது பாம்பு வாங்கும்போது

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2014-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மலைப்பாம்புகளின் நிமோனியாவை ஆராய்ந்தவர்கள் புதிதாக ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நிடோவைரஸ் என்று அழைக்கிறார்கள், இப்போது செர்பென்டோவைரஸ் என்ற பெயரும் உண்டு. சூடு, ஈரம் எல்லாம் சரியாக இருந்தும் ஆன்டிபயாடிக் கேட்காமல் திரும்பத் திரும்ப மூச்சுத் தொல்லை வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மருந்து இல்லை. நோயுள்ள பாம்பு மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாமல் இருந்துகொண்டு மற்றவற்றுக்குப் பரப்பலாம். வாயில் பஞ்சுக்குச்சியால் எடுத்து பி.சி.ஆர். பார்ப்பார்கள். ஒரு முறை இல்லை என்று வந்தால் போதாது, இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

ஆகவே புதுப் பாம்பு வந்தால் குறைந்தது மூன்று மாதம் வேறு அறை, வேறு இடுக்கி, வேறு தண்ணீர்க் கிண்ணம். ஒரே அறையில் வேறு பெட்டி என்பது தனிமை ஆகாது. வாங்கும் இடத்தில் கையில் எடுத்து, காதருகே வைத்து இரண்டு நிமிடம் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். மூக்கோரம் காய்ந்த கறை, அதே பெட்டியில் இன்னொரு பாம்பு வாயைத் திறந்து வைத்திருப்பது, இரண்டில் எதைப் பார்த்தாலும் வெறுங்கையோடு திரும்பிவிடுங்கள்.

நம் ஊர்ப் பருவமும் பாம்பின் நெஞ்சும்

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைவிட ஏசிதான் எதிரி, அதைச் சொல்லிவிட்டேன். ஐப்பசி மழை தொடங்கியதும் பெட்டிக்குள் பூஞ்சை பூக்கும். கோகோ பீட்டில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வாரம் ஒரு முறை கிளறி விடுங்கள். மழையோடு மின்வெட்டும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. முத்துவைத் தலையணை உறையில் போட்டு, தெர்மகோல் பெட்டியில் இரண்டு வெந்நீர் பாட்டிலோடு வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பாட்டிலை மாற்றினோம். கேஸ் அடுப்பு இருந்ததால் முடிந்தது. அந்த மூன்று நாளும் இரை கிடையாது. குளிரில் செரிக்காது, கக்கிவிடும். கோவை, ஓசூர், ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்வெர்ட்டர் இல்லாமல் பால் பைத்தான் வளர்க்காதீர்கள் என்றே சொல்வேன்.

மார்கழியில் விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணிவரைதான் வீடு மிகவும் குளிர்ந்திருக்கும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் மீட்டர் ஒன்று இருந்தால், தூங்கி எழுந்து ராத்திரி என்ன நடந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் போகி வரும். அன்று விடியலில் தெருவெல்லாம் புகை, ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். முதல் நாள் இரவே முத்துவின் பெட்டி தெருப்பக்கம் இல்லாத பின்னறைக்குப் போய்விடும். கதவிடுக்கில் ஈரத் துண்டு. வெளியே மேளம் அடித்து ஓய்ந்து புகை அடங்கிய பிறகு, பத்து மணி வாக்கில், துண்டை எடுத்துவிட்டு மின்விசிறியை அணைத்து, பெட்டிப் பக்கத்தில் ஐந்து நிமிடம் காதை வைத்து உட்காருவேன்.